கரண்டு கம்பத்தில் ஏறாத லைன்மேன்

என் அம்மாவுக்கு லைன்மேன் என்றால் ஒருவர்தான். மழைக்காற்றில் ஊரே இருட்டாகிவிட்ட ராத்திரியில், கையில் கட்டிங் பிளேயரும் டார்ச்சுமாக சைக்கிளில் வந்து இறங்குவாரே, அவர். தீபாவளி வந்தால் அவருக்கென்று தனியாக ஒரு நோட்டை மடித்து வைப்பார் அம்மா. அதனால், போன ஆகஸ்ட்டில் வாட்ஸ்அப் வீடியோவில் பேரன் வந்து "பாட்டி, நான் லைன்மேன் ஆகப் போறேன்" என்று சொன்னதும், அம்மா அவனை விட்டுவிட்டு என்னைக் கேட்டார்: "ஏண்டா, கம்பம் ஏறுறதுக்கா புள்ளைய அமெரிக்கா கூட்டிட்டுப் போனே?"

இந்த லைன்மேன் வேறு என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆனது. புரிந்த பிறகு அம்மா சொன்னது: "அதுக்குக் கம்பமே தேவலை."

பையனுக்குப் பதினான்கு வயது. ஆறடியைத் தொட்டுவிட்டான். எடை நூறு கிலோவுக்கு மேல். ஊருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் கல்யாண மண்டப வாசலிலேயே அவனுக்கு வரவேற்பு நடக்கும். "என்னடா இப்படிப் பெருத்துட்டே?" "பீட்சாவா தின்னு தின்னு ஊதிட்டானா?" "பஸ்ல இவனுக்கு ரெண்டு டிக்கெட் வாங்கணும்போல." எல்லாம் பாசத்தில் சொல்வதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்றாவது பயணத்திலிருந்து அவன் பந்தியில் அப்பளம் கேட்பதை நிறுத்திவிட்டான். அதை நான் கவனிக்கவில்லை, என் மனைவிதான் கவனித்தாள்.

பிட்ஸ்பர்க்கின் புறநகர் ஒன்றில் இருக்கிறோம். எட்டாம் வகுப்பு முடியும் சமயத்தில், பள்ளி நடைபாதையில் ஃபுட்பால் கோச் இவனை நிறுத்தி, ஏற இறங்கப் பார்த்து, உன்னைப் போன்ற ஒருவனுக்காகத்தான் இரண்டு வருடமாகக் காத்திருக்கிறேன் என்றாராம். அன்று சாயங்காலம் இதை என்னிடம் மூன்று முறை சொன்னான். அவன் உடம்பைப் பார்த்து ஒருவர் முகம் மலர்ந்தது அதுவே முதல் தடவை என்பது மூன்றாம் முறை சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

உறைத்தும் என்ன, அப்பன் மனசு அதைக் கேட்குமா? எப்படித் தடுப்பது என்றுதான் யோசிக்க ஆரம்பித்தேன். அப்படித் தேடிப் பிடித்த ஆயுதம்தான் ஜான் எர்ஷல் என்ற முன்னாள் லைன்மேன்.

அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன், லைன்மேன் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கே தெரியாமல் இருந்தது. இங்கே ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர். பந்தை வைத்திருக்கும் அணியில் முன்வரிசையில் ஐந்து பேர் குனிந்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி நிற்பார்கள். நடுவில் இருப்பவர் சென்டர், அவருக்கு இரு பக்கமும் கார்டு, அதற்கு வெளியே டாக்கிள். சென்டர் பந்தைத் தன் கால்களுக்கிடையே பின்னால் தள்ளுவார். அதை வாங்குபவர் குவார்ட்டர்பேக், நாளைக்குப் பேப்பரில் படம் வரப்போகும் ஆள். அந்தப் படத்துக்கு வேண்டிய மூன்று விநாடியைச் சம்பாதித்துக் கொடுப்பவர்கள் இந்த ஐந்து பேர்.

இவர்கள் முன்னால் வீசப்படும் பந்தைப் பிடிக்க விதி இடம் கொடுக்காது. சட்டை எண்ணே 50க்கும் 79க்கும் இடையில்தான் இருக்க வேண்டும், இன்னார் பந்து வாங்கத் தகுதியில்லாதவர் என்று நடுவருக்குத் தூரத்திலிருந்தே தெரிவதற்காக. எத்தனை யார்டு ஓடினார், எத்தனை பந்து பிடித்தார் என்று மற்ற எல்லோருக்கும் கணக்கு உண்டு. இவர்களுக்குக் கிடையாது. தப்பு செய்தால் மட்டும் நடுவர் மைக்கைத் தட்டி, எதிராளியின் சட்டையைப் பிடித்து இழுத்தது இந்த எண்காரர் என்று அரங்கத்துக்கே அறிவிப்பார். பத்து யார்டு பின்னால் போ. ஒரு லட்சம் பேர் முன்னால் உன் அடையாளம் ஒலிபெருக்கியில் வருவது அந்த ஒரு சமயம்தான்.

என் அலுவலகத்தில் ஐம்பதைத் தாண்டிய ஒருவர் இருக்கிறார், இந்த ஊர்க்காரர். சின்னக் கல்லூரி ஒன்றில் கார்டாக ஆடியவர். இரண்டு முட்டியிலும் அறுவை சிகிச்சை. மாடிப்படியில் பக்கவாட்டாகத்தான் இறங்குவார், நண்டு மாதிரி. அவரிடம் போய், என் பையனைக் கூப்பிடுகிறார்கள், இந்த வேலை என்ன மாதிரி என்று கேட்டேன். மதியச் சாப்பாட்டு இடைவேளையில் லேப்டாப்பைத் திறந்து ஒரு பழைய ஆட்டத்தை ஓடவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: பந்தைப் பார்க்காதே.

முயற்சி செய்து பாருங்கள், முடியாது. கண் தானாகப் பந்தின் பின்னால் போகும். நான்கைந்து தடவை தோற்ற பிறகு, திரையின் மேல்பாதியை ஒரு காகிதத்தால் மறைத்தார். அப்புறம்தான் தெரிந்தது. வெறும் தள்ளுமுள்ளு என்று நான் நினைத்திருந்த இடத்தில் ஏகப்பட்ட விஷயம் நடக்கிறது. பந்து நகர்ந்ததும் வைக்கும் முதல் அடி ஒரு சாண்தான் இருக்கும். அந்தச் சாண் எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. கை எதிராளியின் நெஞ்சுக்கு உள்பக்கமாகப் போக வேண்டும். வெளியே போனால் சட்டையைப் பிடிக்கத் தோன்றும், பத்து யார்டு போய்விடும். இடுப்பு யாருக்குத் தாழ்ந்திருக்கிறதோ அவர் பலம் மேலோங்கும், நூற்றைம்பது கிலோ ஆளாக இருந்தாலும் நிமிர்ந்துவிட்டால் தள்ளப்படுவார். ஓட்டத்துக்கு வழி திறக்கும்போது முன்னால் பாய வேண்டும். பந்து வீசப்போகிறார்கள் என்றால் அதற்கு நேர்மாறாக, பின்னால் நடந்துகொண்டே தடுக்க வேண்டும். தன்னை நோக்கி ஓடிவருபவனைப் பின்னோக்கி நடந்தபடி நிறுத்துவதை ஒரு தடவை உங்கள் வீட்டுக் கூடத்தில் செய்து பாருங்கள். நான் செய்து பார்த்தேன், பையனை எதிரில் வைத்து. சோபாவில் போய் விழுந்தேன்.

இது ஒரு ஆட்டத்தில் அறுபது எழுபது தடவை. ஒவ்வொரு தடவையும் மோதல்.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு ஒரு பழைய நாள் ஞாபகம் வந்தது. 2013 அக்டோபர் 12. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த நண்பன், வந்தே ஆக வேண்டும் என்று இழுத்துப் போனான். ஸ்டேட் காலேஜ் என்றே ஊருக்குப் பெயர். மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, நாற்பதாயிரம் சொச்சம் ஜனம். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை மட்டும் பீவர் ஸ்டேடியத்துக்குள் ஒரு லட்சம் பேருக்கு மேல் அடைந்துவிடுவார்கள். அன்று எதிரணி மிஷிகன். ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரம் போய், அதுவும் சமனாகி, நான்காவது கூடுதல் நேரத்தில் 43–40 என்று பென் ஸ்டேட் ஜெயித்தது. கடைசியில் பில் பெல்டன் இரண்டு யார்டு ஓடிக் கோட்டைத் தாண்டினார். பக்கத்து சீட்டில் இருந்த முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என்னைக் கட்டிப்பிடித்தார். ஒன்றும் புரியாமலேயே நானும் கத்தினேன்.

அன்று பென் ஸ்டேட்டின் வலது கார்டு, எண் 64, ஜான் எர்ஷல். நான்கு மணி நேரத்துக்கு மேல் என் கண்ணெதிரே ஆடியிருக்கிறார். எனக்கு அவரைப் பற்றி ஒரு துளி ஞாபகமும் இல்லை.

சரி, அவர் கதைக்கு வருவோம். 1991இல் கனடாவின் வின்னிபெக்கில் பிறந்தவர். அப்பா நெஞ்சறுவை மருத்துவர், கல்லூரியில் ஃபுட்பால் ஆடியவர். அம்மா செவிலியராக இருந்து பிறகு சட்டம் படித்து வழக்கறிஞரானவர். பெற்றோர் பிரிந்த பின் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பக்கம் அம்மாவிடம் வளர்ந்தார். அம்மா வாங்கிப்போட்ட புதிர்ப் புத்தகங்களில்தான் கணக்குப் பைத்தியம் பிடித்தது. மகன் மாசசூசெட்ஸில் இருக்கும் எம்.ஐ.டி. போக வேண்டும் என்பது அந்த அம்மாவின் ஆசை. மகனுக்கோ பெரிய மைதானத்தில் ஆட ஆசை. 2009இல் பென் ஸ்டேட்டில் சேர்ந்தார்.

கல்லூரி ஃபுட்பால்காரன் படிப்பு எப்படியிருக்கும் என்று இந்த ஊரில் ஒரு கிண்டல் உண்டு. பெரும்பாலும் நியாயமான கிண்டல்தான். விடியற்காலை எடைப் பயிற்சி, மதியம் மைதானம், சாயங்காலம் வீடியோ அறை. இதற்கு நடுவே எர்ஷல் மூன்றே வருடத்தில் கணிதத்தில் இளங்கலை முடித்தார், எல்லாவற்றிலும் முழு மதிப்பெண். அப்புறம் முதுகலை. அதுவும் போதாமல் கணிதக் கல்வியில் இன்னொரு முதுகலையைத் தொடங்கினார். ஜோசஃப் கலான்டேயுடன் சேர்ந்து அவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 2013இல் வானியக்கவியல் இதழ் ஒன்றில் வந்தது. சூரியன், வியாழன், ஒரு குறுங்கோள் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று இழுக்கும்போது அந்தக் குறுங்கோளின் பாதை எப்போது நிலைகுலையும் என்பது பற்றியது. அதே வருடம் இளநிலை மாணவர்களுக்கு முக்கோணவியல் வகுப்பும் எடுத்தார். 300 பவுண்டுக்கு மேல் எடை, ஆறடி மூன்றங்குலம். நம் கணக்கில் 136 கிலோவுக்கு மேல். அந்த ஆள் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சைன், காஸ் எழுதுவதைக் கற்பனை செய்ய எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர் அங்கே இருந்த காலம் சாதாரணக் காலம் அல்ல. 2011 நவம்பரில் முன்னாள் உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி சாண்டஸ்கி சிறுவர்களைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகக் கைதானார், அடுத்த ஜூனில் 45 குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார். அரை நூற்றாண்டாக அந்த ஊரின் குலதெய்வம்போல இருந்த தலைமைப் பயிற்சியாளர் ஜோ பட்டர்னோவைப் பல்கலைக்கழகம் நீக்கியது. 2012 ஜூலையில் கல்லூரி விளையாட்டு அமைப்பு 60 மில்லியன் டாலர் அபராதம் போட்டது, பருவ முடிவில் நடக்கும் பெரிய ஆட்டங்களுக்கு நான்கு வருடம் தடை விதித்தது, உதவித்தொகை இடங்களையும் வெட்டியது. ஆட்டக்காரர்கள் யார் வேண்டுமானாலும் வேறு கல்லூரிக்குப் போய் உடனே ஆடலாம் என்று கதவையும் திறந்துவிட்டது. சிலர் போனார்கள். எர்ஷல் போகவில்லை. அந்த வருடம் 8 வெற்றி 4 தோல்வி, அடுத்த வருடம் 7க்கு 5. கோப்பை எதுவும் கிடைக்க வழியில்லாத இரண்டு பருவங்கள். அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அந்த அணியைப் பற்றிப் பேசினால் குரல் மாறும்.

2013 டிசம்பரில் அவருக்கு வில்லியம் கேம்பெல் கோப்பை கிடைத்தது. படிப்பிலும் ஆட்டத்திலும் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தருவது. ஐ.டி. ஆட்களுக்காக ஒரு கொசுறுத் தகவல்: இந்தக் கேம்பெல் எங்கள் பிட்ஸ்பர்க்கை ஒட்டிய ஹோம்ஸ்டெட் என்ற உருக்காலை ஊர்க்காரர். கொலம்பியா பல்கலைக்கழக அணியின் 1961 கேப்டன், பிறகு அங்கேயே கோச். அதை விட்டு சிலிக்கான் வேலிக்குப் போய் ஸ்டீவ் ஜாப்ஸ் தொடங்கி நம் சுந்தர் பிச்சை வரை பலருக்கு ஆலோசகராக இருந்தவர். இதை என் பையனிடம் சொன்னபோது "அப்போ ஃபுட்பால் ஆடினா கூகுளுக்கும் போகலாம்ல?" என்றான். இவனிடம் எதைச் சொன்னாலும் இப்படித்தான்.

2014இல் தொழில்முறை அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாகப் பொறுக்கியெடுத்தபோது, பால்டிமோர் ரேவன்ஸ் அணி ஐந்தாம் சுற்றில், மொத்தத்தில் 175ஆவது ஆளாக, எர்ஷலை எடுத்தது. கல்லூரியில் ஆடுபவர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூடத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போவதில்லை என்பதை வைத்துப் பார்த்தால் அதுவே பெரிய விஷயம். மூன்று பருவங்களில் 40 ஆட்டங்கள், அதில் 13இல் தொடக்கம் முதலே களத்தில். லட்சக்கணக்கான டாலர் வந்தபோதும் வருடத்துக்கு 25,000 டாலருக்குள் வாழ்ந்தார், பழைய நிசான் வெர்சா ஒன்றை ஓட்டினார். இந்த இடத்தை மட்டும் என் மனைவி இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி.

2015 மார்ச்சில் அவர் எழுதிய ஒரு கட்டுரைதான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமானது. கிறிஸ் போர்லண்ட் என்ற 24 வயது ஆட்டக்காரர், மூளைக் காயத்துக்குப் பயந்து ஒரே பருவத்தோடு விலகியிருந்த சமயம். உனக்குத்தான் கணிதம் இருக்கிறதே, நீ ஏன் இன்னும் ஆடுகிறாய் என்று எல்லோரும் எர்ஷலைக் கேட்டார்கள். அவர் சொன்ன பதிலில் பூசிமெழுகல் இல்லை. பணத்துக்காக ஆடவில்லை, புகழுக்காகவும் இல்லை. நியாயமாகப் பார்த்தால் ஆடக்கூடாதுதான். ஆனால் எதிரே நிற்பவனோடு மோதுவது பிடித்திருக்கிறது, அந்த வேகம் வேறு எங்கும் கிடைப்பதில்லை, ரொம்ப நாள் மோதாமல் இருந்தால் தன்னோடு இருப்பதே மற்றவர்களுக்குக் கஷ்டம் என்றார். கணித மேதை சொல்லக்கூடிய பதிலா இது? அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது. மூளைக்காரன் உடம்பைச் சகித்துக்கொண்டு ஆடினான் என்று நாம் ஆசையாகக் கட்டும் கதையை அவரே உடைத்துவிட்டார்.

ஐந்து மாதம் கழித்து, 2015 ஆகஸ்ட்டில், பயிற்சி முகாமில் தலையோடு தலை மோதி நினைவு தப்பி விழுந்தார். ஆட்டத்துக்குத் திரும்ப மூன்று வாரம் ஆனது. உயர்கணிதம் பண்ணும் திறன் திரும்ப அதைவிட அதிக நாள் ஆனது என்று அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். மனசுக்குள் வடிவங்களை நிறுத்திப் பார்க்க முடியவில்லையாம். காலோ கையோ உடைந்திருந்தால் எக்ஸ்ரேயில் தெரிந்திருக்கும். இது தெரிந்தது அவருக்கு மட்டும்தான், அதுவும் வடிவங்களை நிறுத்திப் பார்க்க மனசுக்குள் ஓர் அறை இருந்ததால். அப்படி அறை வைத்துக்கொள்ளாத மற்ற ஆட்டக்காரர்கள் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள் என்று ஓர் இரவு யோசித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

2016இல் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தார். அம்மாவின் ஆசை ஏழு வருடம் தாமதமாக நிறைவேறியது. வசந்தத்தில் மாணவர், இலையுதிர்காலத்தில் லைன்மேன். 2017 ஜூலை 27, பயிற்சி முகாம் தொடங்கும் நாள் காலையில் பயிற்சியாளர் ஜான் ஹார்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு ஓய்வு பெற்றார். வயது 26. இரண்டு நாள் முன்னால்தான் மூளைநோய் ஆய்வாளர் ஆன் மெக்கீ குழுவின் ஆய்வு வெளியாகியிருந்தது. தானமாகக் கிடைத்த முன்னாள் ஆட்டக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்ததில், தொழில்முறையில் ஆடிய 111 பேரில் 110 பேருக்கு சி.டி.ஈ. என்ற மூளைச் சிதைவு. கல்லூரியோடு நிறுத்தியவர்கள் 53 பேரில் 48. உயர்நிலைப் பள்ளியோடு நிறுத்தியவர்கள் 14 பேரில் 3. அறிகுறி இருந்தவர்களின் குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் கொடுத்திருப்பார்கள், எனவே எல்லா ஆட்டக்காரர்களுக்கும் இதே விகிதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆய்வாளர்களே எச்சரித்திருந்தார்கள். அந்த ஆய்வுதான் காரணமா என்று எல்லாப் பத்திரிகைகளும் கேட்டன. எர்ஷலின் அறிக்கையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. டிசம்பரில் குழந்தை பிறக்கப்போகிறது, முழுநேரமாகப் படிக்கப் போகிறேன், இலையுதிர்காலத்தில் மட்டும் நடக்கும் வகுப்புகளில் இனி உட்காரலாம், இதில் பெரிய கதை எதுவும் இல்லை என்றார்.

சி.டி.ஈ. என்ற சொல்லை பிட்ஸ்பர்க்கில் யாரும் சாதாரணமாக உச்சரிக்க மாட்டார்கள். எங்கள் ஊர்த் தொழில்முறை அணியான ஸ்டீலர்ஸின் சென்டர் மைக் வெப்ஸ்டர், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆடியவர், எர்ஷலைப் போலவே ஐந்தாம் சுற்றில் எடுக்கப்பட்டவர், 1974இல். 17 பருவங்கள், சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியில் நான்கு வெற்றிகள். ஆடி முடித்த பின் நினைவு பிறழ்ந்து, குடும்பம் சிதறி, சில காலம் தன் வண்டியிலேயே படுத்துறங்கினார். 2002இல் ஐம்பது வயதில் இறந்தார். இங்கே பிரேதப் பரிசோதனை அலுவலகத்தில் இருந்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு அந்த மூளையைப் பார்த்தார். வெளியே பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோதுதான் டௌ என்ற புரதம் திட்டுத் திட்டாகப் படிந்திருந்தது தெரிந்தது. ஒரு பெரிய அடியால் வருவதல்ல இது. மயக்கம் போடும் அளவுக்கு இல்லாத சின்னச் சின்ன மோதல்கள் வருடக்கணக்கில் சேர்ந்து வருவது. அந்த மாதிரி மோதல் வேலையிலேயே அடங்கியிருப்பது யாருக்கு? குனிந்து நிற்கும் அந்த முன்வரிசைக்கு. உயிரோடு இருக்கும்போது இதை உறுதி செய்யச் சோதனை இன்னும் இல்லை.

பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை புளியோதரை வரிசையில் கறுப்பு மஞ்சள் ஸ்டீலர்ஸ் சட்டையோடு நம் பையன்கள் நிற்பார்கள். வெப்ஸ்டரின் 52ஆம் எண்ணை அங்கே ஒரு தடவை பார்த்தேன். அந்தப் பையனின் அப்பாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, தொன்னையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

ஆக, ஆயுதங்கள் எல்லாம் தயார். ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் பையனை உட்கார வைத்து எர்ஷல் கதையைச் சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். எவ்வளவு பெரிய மூளை, எவ்வளவு அருமையான ஆட்டக்காரன், பார், 26 வயதில் விட்டுவிட்டு வந்துவிட்டார், 2021இல் முனைவர் பட்டம், இப்போது எம்.ஐ.டி.யிலேயே பேராசிரியர். அவன் முழுவதையும் கேட்டான். அப்புறம் சொன்னான்:

"அப்பா, அவர் ஆடிட்டுத்தானே விட்டார்? நீங்க என்னை ஆடாமலே விடச் சொல்றீங்க."

பதில் இல்லை என்னிடம். மெக்கீ ஆய்வின் எண்களை எடுத்து நீட்டினேன். அவன் பார்வை கடைசி வரியில் நின்றது. "ஹைஸ்கூல் வரைக்கும்னா பதினாலுல மூணுதான்" என்றான். அதுவரை பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பாமலே கேட்டாள்: "அந்த மூணு பேருக்கும் அம்மா இருந்திருப்பாங்கல்ல?" அதற்கு அவனிடம் பதில் இல்லை. அன்றைக்கு யாரும் ஜெயிக்கவில்லை.

எர்ஷலின் கணிதத்தைக் கொஞ்சம் புரிந்துகொள்ளலாம் என்று அந்த வாரம் உட்கார்ந்தேன். நான் கம்ப்யூட்டர் ஆள், கிராஃப் என்றால் ஓரளவு தெரியும். புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும். ஃபேஸ்புக் நட்பு வலை மாதிரி. அப்படியொரு வலையை இரண்டாக வெட்ட வேண்டும், முடிந்தவரை குறைந்த இழைகள் அறுந்தால் நல்லது. மிரோஸ்லாவ் ஃபீட்லர் என்ற செக் கணிதவியலாளர் இதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார். வலையை மேட்ரிக்ஸ் என்ற எண் கட்டமாக எழுதி, அதிலிருந்து ஒரு குறிப்பிட்ட திசையனை, அதாவது ஓர் எண் வரிசையைக் கண்டுபிடித்தால், எந்தப் புள்ளி எந்தப் பக்கம் என்பதை அதன் கூட்டல் கழித்தல் குறிகளே சொல்லிவிடும். சிக்கல் என்னவென்றால், அதன் சில உறுப்புகள் பூஜ்யமாக வந்தால் வெட்டிய பாதி தனக்குள்ளேயே துண்டுதுண்டாகிவிடக்கூடும். பென் ஸ்டேட் பேராசிரியர் லுட்மில் சிகடனோவும் எர்ஷலும் 2014இல் நிரூபித்தது இதுதான்: இணைந்த வலை எதுவானாலும், வெட்டிய பிறகு இரண்டு பாதியும் தனித்தனியே அறுபடாமல் இருக்கும்படியான ஃபீட்லர் திசையன் ஒன்று கட்டாயம் உண்டு. எர்ஷல்–சிகடனோவ் தேற்றம் என்றே அதற்குப் பெயர். ரேவன்ஸில் சேர்ந்த அதே வருடம்.

இரண்டாக வெட்டப்பட்டும் இரண்டு பாதியும் சிதறாமல் இருப்பது. இதைப் படித்ததும் எழுந்து போய் ஒரு காபி போட்டேன். ஒப்புமை கண்ணெதிரே வந்து நின்றால் ஆளுக்கு ஆசை வரத்தான் செய்யும். ஆனால் அவர் வாழ்க்கையைப் பார்த்தால், கணிதமும் ஃபுட்பாலும் ஒன்றுக்கொன்று உதவின என்று அவருக்காக நாம்தான் சொல்லிக்கொள்கிறோம். அவர் இரண்டையும் ஒரே பசியோடு தின்றிருக்கிறார், அவ்வளவுதான். ஒன்றை விட்டபோது அழகான விளக்கம் எதுவும் தரவில்லை. அவர் கதையை நான் ஒரு பக்கமாக வெட்டினேன், என் பையன் இன்னொரு பக்கமாக வெட்டினான். இரண்டுமே முழுசாகத்தான் நின்றன.

அலுவலக நண்பரிடம் இதைச் சொன்னேன். நீ உன் பையனை ஆட விட்டாயா என்று கேட்டேன். அவனை நீச்சலில் போட்டேன் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

கடைசியில் கையெழுத்துப் போட்டோம். எப்படி என்று கேட்டால் தெளிவான பதில் கிடையாது. ஒரு ராத்திரி மனைவி சொன்னாள், "அவன் இப்ப கண்ணாடி முன்னாடி நிக்கிறான், பாத்தீங்களா?" நான் பார்த்திருக்கவில்லை. வீட்டுக் குளியலறைக் கண்ணாடியைத் தவிர்த்தே இரண்டு வருடம் வாழ்ந்தவன் அவன். ஒரு வருடம் மட்டும், தலையில் ஒரு அடி பட்டாலும் அன்றோடு சரி, என்று பேசி முடித்தோம். பென்சில்வேனியாவில் 2011இல் வந்த ஒரு சட்டப்படி, மூளை அதிர்ச்சி பற்றிய தகவல் தாளைப் படித்தோம் என்று பெற்றோரும் பிள்ளையும் ஒவ்வொரு வருடமும் எழுதிக்கொடுக்க வேண்டும். என் மனைவி அந்தத் தாளை முழுசாக, கீழே பொடி எழுத்து வரை படித்தாள். ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள்.

பருவம் தொடங்கும் முன் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை. இம்பாக்ட் என்று பெயர். எங்கள் ஊர் நரம்பியல் நிபுணர்கள்தான் அதை உருவாக்கினார்கள். சொற்களைக் காட்டி மறைத்துத் திரும்பக் கேட்பது, வடிவங்களை நினைவு வைக்கச் சொல்வது, சட்டென்று பொத்தானை அழுத்தச் சொல்வது. இன்றைக்கு மூளை எப்படி இருக்கிறது என்று ஒரு கணக்கு எடுத்து வைத்துவிடுகிறார்கள், நாளைக்கு ஏதாவது ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க. வீட்டுக்கு வந்து, வடிவங்கள் சுலபமாக இருந்தன என்றான். எனக்கு எர்ஷல் ஞாபகம் வந்தது. சொல்லவில்லை.

எண் 72 கொடுத்தார்கள். இடது கார்டு. செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், ஒன்பதாம் வகுப்பு அணிகளின் முதல் ஆட்டம். நாற்பது ஐம்பது பெற்றோர், அலுமினியப் படிக்கட்டு, லேசான தூறல். நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் பாதி முழுவதும் படம் எடுத்தேன். எங்கள் அணி ஒருதடவை கோட்டைத் தாண்டியது, அதுவும் பதிவாகிவிட்டது. பெருமையாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து அழுக்குச் சட்டையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். பார்த்து முடித்துவிட்டுக் கேட்டான்: "அப்பா, இதுல நான் எங்க?"

இருபத்திரண்டு நிமிடப் படம். ஓடுகிற பையன் இருக்கிறான், பந்து இருக்கிறது, பந்தைப் பிடித்தவன் கையை விரித்துக்கொண்டு ஆடுவது இருக்கிறது. 72 எங்குமே இல்லை. ஒரே ஒரு இடத்தில் அவன் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது. அது தன்னுடையதுதான், அந்த பேண்டேஜ் இருக்கிறது பாருங்கள் என்று எனக்காக அவனே சொன்னான்.

அடுத்த வியாழக்கிழமை மூன்றாவது படியில், அந்த ஐந்து பேருக்கு நேர் எதிராக இடம் பிடித்தேன். சென்டர் பந்தைத் தள்ளினான், பக்கத்தில் யாரோ எழுந்து கத்தினார்கள், கூட்டம் முழுவதும் வலப்பக்கம் திரும்பியது. நான் போனை அசைக்கவில்லை. அந்தப் படத்தில் ஈரப் புல்லும், குனிந்த ஒரு பெரிய முதுகும், ஒரு சாண் நகர்ந்து வைத்த இடது காலும் இருக்கின்றன. அம்மாவுக்கு அனுப்பினேன். பந்து எங்கேடா என்று பதில் வந்தது.